காசில்லாமல் ஊர் பார்க்கலாம்: புது நகரத்துக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

புது நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துக்கு முதல் சில மாதங்கள் கையைக் கடிக்கும். வீட்டு முன்பணம், பள்ளிச் சேர்க்கை, கட்டில், மெத்தை, அடுப்பு என்று சேமிப்பு கரைந்துகொண்டே இருக்கும். பழகிய தெருவையும் விளையாட்டுத் தோழர்களையும் விட்டுவந்த பிள்ளைகளோ, சனிக்கிழமை விடிந்ததும் “இன்றைக்கு எங்கே போகிறோம்?” என்று வந்து நிற்பார்கள். கேட்கிறவர்களுக்கும் ஊர் தெரியாது, பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் தெரியாது.

உடனே கைப்பேசியை எடுத்து, இலவசமாகப் பார்க்கக்கூடிய இடங்களின் பட்டியலைத் தேடுவோம். ஐம்பது இடம், நூறு இடம் என்று வந்து விழும். எப்போது எழுதியது, எழுதியவர் அங்கே போனாரா என்று ஒன்றும் தெரியாது. வெலிங்டனில் உள்ள நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகமான தே பாப்பா 1998இல் திறக்கப்பட்டது. நெடுங்காலம் எல்லோருக்கும் இலவசமாக இருந்த அந்த இடத்தில், 2024 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகளில் 16 வயது நிரம்பியவர்களுக்குக் கட்டணம் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் ‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்ற ஏற்பாடு எல்லோருக்கும் இருந்தது. 2018 மார்ச்சுக்குப் பிறகு அது அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கும் பக்கத்து இரு மாநிலங்களின் மாணவர்களுக்கும் மட்டும் என்று சுருங்கிவிட்டது. பழைய பட்டியலை நம்பிக் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர், இதை வாசலில் போய்த்தான் தெரிந்துகொள்வார்.

ஆகவே அடுத்தவர் பட்டியலைக் கடன் வாங்குவதைவிட, நம் பட்டியலை நாமே போட்டுக்கொள்ளப் பழகுவது நல்லது. ஒருமுறை பழகிவிட்டால் அடுத்து எந்த ஊருக்கு மாற்றல் வந்தாலும் பயன்படும்.

முதல் படி: பணம் கட்டியவர் யார் என்று பாருங்கள்

எந்த இடமும் தானாக இலவசமாகிவிடுவதில்லை. நமக்கு முன்னால் யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள். அது யார் என்று தெரிந்தால், அந்த இடம் யாருக்கு இலவசம், எவ்வளவு நாளைக்கு இலவசம், எந்த மூலையில் கட்டணம் ஒளிந்திருக்கிறது என்பதையெல்லாம் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கட்டியவர்கள் வரி செலுத்துவோர். பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் அனைத்தும் 2001 டிசம்பர் 1 முதல் இலவசம். அரசின் நிதி அதைத் தாங்குகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில், விலங்குக்காட்சிச் சாலைக்கும் கலை அருங்காட்சியகத்துக்கும் தங்கள் சொத்துவரியில் ஒரு சிறு பங்கைத் தர 1971இல் வாக்காளர்களே ஒப்புக்கொண்டார்கள். அதனால்தான் இன்றும் அங்கே யார் வேண்டுமானாலும் நுழைந்து யானையைப் பார்க்கலாம். டோக்கியோ மாநகர அரசுத் தலைமையகத்தின் 45ஆவது மாடியில், தரையிலிருந்து 202 மீட்டர் உயரத்தில் உள்ள பார்வைத் தளமும் இந்த வகைதான். பக்கத்துக் கோபுரங்களில் காசு கொடுத்துப் பார்க்கும் அதே நகரம்தான் இங்கிருந்தும் தெரிகிறது. வானம் தெளிந்த குளிர்கால நாளில் புஜி மலைகூடத் தெரியும்.

வரிப்பணத்தில் நடக்கும் இடங்களில் ஒரு கூடுதல் விதி இருக்கலாம்: கட்டியவருக்கே முதல் சலுகை. சிங்கப்பூரின் தேசிய அருங்காட்சியகங்கள் 2013 மே மாதத்திலிருந்து குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம், சுற்றுலாப் பயணிக்கு அப்படியில்லை. எனவே குடிவந்தவுடன் உங்கள் வசிப்பிடச் சான்று எது என்பதைத் தெரிந்துகொண்டு, அதன் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ‘உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்’ என்ற வரியைப் பார்த்ததும் புதிதாக வந்தவர்கள் கூச்சப்பட்டு விலகிப்போவதைப் பார்த்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தமும் மின்கட்டணப் பற்றுச்சீட்டும் உங்கள் பெயரில் இருந்தால் பல ஊர்களில் நீங்களும் உள்ளூர்வாசிதான். கேட்டுப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

அடுத்து, உயில் எழுதிவைத்தவர்கள். ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. 1829இல் அவர் இறந்தார். வாரிசான உறவினரும் பிள்ளையில்லாமல் இறந்துபோனதால், உயிலின்படி சொத்து அமெரிக்காவுக்குப் போனது. அதைக் கொண்டு 1846இல் நிறுவப்பட்ட ஸ்மித்சோனியனின் அருங்காட்சியகங்கள் இன்று வாஷிங்டன் நகரத்தில் வரிசையாக நிற்கின்றன. விண்கலத்தையோ டைனோசர் எலும்பையோ பார்க்க நுழைவுக் கட்டணம் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் 1935இல் திறந்த கிரிஃபித் வானியல் ஆய்வகமும் ஒருவர் விட்டுச்சென்ற நிதியில் எழுந்ததுதான். கட்டடத்துக்குள் போக இலவசம், வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் தொலைநோக்கியில் கண் வைக்கவும் இலவசம். ஆனால் உள்ளே இருக்கும் கோளரங்கக் காட்சிக்கு டிக்கெட் உண்டு. அறக்கட்டளை நடத்தும் இடங்களின் குணமே இதுதான். வாசல் இலவசம் என்ற வாக்கைக் காப்பாற்றுவார்கள், உள்ளே ஏதோ ஒரு சிறப்புக் காட்சிக்கோ வண்டி நிறுத்தத்துக்கோ வாங்கிக்கொள்வார்கள். அதே ஊரில் கெட்டி மையத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. கார் நிறுத்தத்தான் காசு.

மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய கட்டடம் எழுப்பும் நிறுவனத்திடம், ‘பொதுமக்களுக்கும் ஓர் இடம் விட வேண்டும்’ என்று நகரத் திட்ட அதிகாரிகள் நிபந்தனை போடுவதுண்டு. லண்டனின் ஃபென்சர்ச் தெருவில் 20ஆம் எண் கோபுரத்தின் உச்சியில் 2015இல் திறந்த ஸ்கை கார்டன் அப்படி வந்தது. நகரத்தை மேலிருந்து பார்க்கலாம், கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவு செய்ய வேண்டும். இப்படிப்பட்ட இடங்கள் தங்களைப் பெரிதாக விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை. உங்கள் நகரத்தின் உயரமான கட்டடங்கள் ஒவ்வொன்றிலும் பொதுமக்களுக்கான தளம் உண்டா என்று விசாரியுங்கள்.

கடைசியாக, வியாபாரிகள். வணிக வளாகத்து விளையாட்டுத் திடல், பண்டிகைக்கால விளக்கு அலங்காரம், நிறுவனங்கள் நடத்தும் சிறு காட்சியகங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். தாராளமாகப் போகலாம், மழை நாளில் இவைதான் கைகொடுக்கும். ஆனால் வெளியேறும் வழி பொம்மைக் கடை வழியாகத்தான் இருக்கும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். ‘இலவச நடைச் சுற்றுலா’ என்று விளம்பரமாகும் சுற்றுலாக்களையும் நான் இலவசத்தில் சேர்ப்பதில்லை. வழிகாட்டியின் வருமானமே கடைசியில் கிடைக்கும் அன்பளிப்புதான். இரண்டு மணி நேரம் தொண்டை வறளப் பேசியவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் நழுவுவது அழகல்ல. கொடுக்க முடிகிற மாதத்தில் போய்க்கொள்ளலாம்.

இரண்டாவது படி: முதல் வாரத்திலேயே நூலக அட்டை

வங்கிக் கணக்குக்கு அடுத்தபடியாகப் புது ஊரில் வாங்க வேண்டியது நூலக அட்டை என்பேன். புத்தகம் படிக்கிற குடும்பமாக இல்லாவிட்டாலும் சரி.

பல நகரங்களில் அந்த அட்டையே கட்டண இடங்களின் சாவி. நியூயார்க்கின் பொது நூலகங்கள் 2018 முதல் ஒரு திட்டம் நடத்துகின்றன. அட்டை வைத்திருப்பவர்கள் நகரத்தின் பல அருங்காட்சியகங்களுக்கும் தோட்டங்களுக்கும் இலவச அனுமதியை முன்பதிவு செய்துகொள்ளலாம். டொரொண்டோவின் பொது நூலகத்திலும் இதுபோன்ற திட்டம் உண்டு. அனுமதிச் சீட்டுகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஆகவே எந்த நாளில் எந்த நேரத்தில் புதிய சீட்டுகள் வெளியாகின்றன என்று நூலகரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நூலகமே ஒரு சுற்றுலா இடமாகவும் இருக்கலாம். ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறந்த ஊடி நூலகத்தில் புத்தகத்தோடு தையல் இயந்திரமும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் இருக்கின்றன. குழந்தைகள் உருண்டு புரளவும் இடம் உண்டு. எல்லா ஊர் நூலகமும் அப்படி இருக்காது. ஆனால் கதை சொல்லும் நேரம், விடுமுறைக் காலப் பட்டறை, சின்னக் குழந்தைகளுக்கான பாட்டு வகுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது சாதாரணக் கிளை நூலகத்திலும் நடந்துகொண்டிருக்கும். அங்கே வரும் மற்ற பெற்றோர்களிடம் கிடைக்கும் தகவல் எந்த இணையப் பட்டியலிலும் கிடைக்காது. எந்தப் பூங்காவில் நிழல் இருக்கிறது, எங்கே கழிப்பறை சுத்தம், எந்த ஊஞ்சல் உடைந்து பல மாதமாகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அறிவிப்புப் பலகையையும் விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் நின்று படித்தால் அந்த மாதம் முழுவதற்கும் வேலை கிடைத்துவிடும்.

மூன்றாவது படி: நான்கு கேள்விகள்

ஓர் இடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நுழைவு விவரப் பக்கத்தைத் திறந்து நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். யாருக்கு இலவசம்? எப்போது இலவசம்? எந்தப் பகுதி இலவசம்? முன்பதிவு வேண்டுமா? இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது.

‘யாருக்கு’ என்பதில் வயது முக்கியம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்த நாட்டவராக இருந்தாலும் கட்டணம் இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. இதில் புதிதாக வந்தவர்கள் போடத் தவறும் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்கு என்றைக்கும் இலவசம் என்றால், பெற்றோரில் ஒருவர் மட்டும் டிக்கெட் எடுத்து அழைத்துப்போகலாம். மற்றவர் கைக்குழந்தையோடு பக்கத்துத் தோட்டத்தில் உட்காரலாம். முழுக்க இலவசமான நாளுக்காகக் காத்திருந்து, கூட்டத்தில் நசுங்குவதைவிட அந்த ஒற்றை டிக்கெட் பல நேரம் மேலானது.

‘எப்போது’ என்பதில்தான் பெரிய ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் தினமும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இலவசம். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு காலை இலவசம், அதுவும் பகல் 12.30 மணிக்குள் நுழைந்துவிட வேண்டும். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊரே இதைத் தெரிந்துவைத்திருக்கிறது. வரிசை நீளும், பிள்ளைகள் களைத்துப்போகும் மாலை வேளையாகவோ வெயில் ஏறும் முற்பகலாகவோ இருக்கும். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இந்த இலவச நேரங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். வளர்ந்த பிள்ளைகள் என்றால் துணிந்து போகலாம். வார நாளில் இலவசம் தரும் இடங்கள் இதைவிட நல்லவை. ஹாங்காங்கின் அறிவியல் அருங்காட்சியகமும் விண்வெளி அருங்காட்சியகமும் நிரந்தரக் காட்சிகளைப் புதன்கிழமைகளில் இலவசமாகத் திறந்துவிடுகின்றன. பள்ளி விடுமுறைக்குள் ஒரு புதன்கிழமை வராமலா போகும்?

வாராந்தர விடுமுறையையும் பாருங்கள். பல நாடுகளில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை திங்கட்கிழமையில் வந்து, நீங்களும் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு போய்ப் பூட்டிய கதவின் முன் நிற்பது ஒரு தனி வேதனை.

‘எந்தப் பகுதி’ என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல பாடம். 1859இல் தொடங்கி 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமான தாவரவியல் தோட்டம் காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை எல்லோருக்கும் இலவசம், அதனுள் இருக்கும் தேசிய ஆர்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். கடலோரத்தின் கார்டன்ஸ் பை தி பேயில் வெளித் தோட்டங்கள் இலவசம், கண்ணாடிக் குடில்களுக்குக் கட்டணம். அங்கே ராட்சத இரும்பு மரங்களுக்கு அடியில் மாலை 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளி-இசைக் காட்சிக்குக் காசு வேண்டாம், தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். இலவசப் பகுதியின் எல்லை எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் முன்பே பார்த்துவையுங்கள். டிக்கெட் சாளரத்தின் முன் நின்றுகொண்டு “அதற்குள் போக வேண்டாம்” என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் விளக்குவதைவிட, அந்தப் பக்கமே போகாமல் சுற்றிவருவது எளிது.

முன்பதிவு பற்றி ஓர் எச்சரிக்கை

கட்டணம் இல்லாத இடத்துக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியிருப்பது பலருக்கு விசித்திரமாகத் தோன்றும். கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்க இதுதான் வழி. வாஷிங்டனின் தேசிய விலங்குக்காட்சிச் சாலைக்கு இலவச அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். பெர்லினில் ஜெர்மானிய நாடாளுமன்றத்தின் உச்சியில் உள்ள கண்ணாடிக் குவிமாடத்துக்கு ஏற, வருகிறவர் ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். பாட்டியின் பாஸ்போர்ட் வீட்டில் அலமாரியில் இருந்தால் பாட்டி கீழேயேதான் நிற்க வேண்டியிருக்கும்.

இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்திக் காசு பார்க்கிறவர்கள் உண்டு. இலவச டிக்கெட்டைச் ‘சேவைக் கட்டணம்’ வாங்கிக்கொண்டு விற்கும் இணையதளங்கள் தேடுபொறியில் விளம்பரமாக முதலில் வந்து நிற்கும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகு 1997 முதல் இலவசம். ஆனாலும் துறை வாசலில் அதற்கு டிக்கெட் விற்கும் மோசடிப் பேர்வழிகளைப் பற்றி அதிகாரிகள் பயணிகளை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தின் சொந்த இணையதளம் அல்லது நகர நிர்வாகத்தின் இணையதளம் தவிர வேறெங்கும் முன்பதிவு செய்யாதீர்கள். இலவசம் என்று சொன்ன இடத்தில் கடன் அட்டை எண் கேட்டால், அங்கேயே நிறுத்திவிட்டு முகவரியை மறுபடி சரிபாருங்கள்.

போகும் வழியையே பார்க்கும் இடமாக்குங்கள்

இலவச இடத்துக்குப் போய்வர வாடகைக் காரில் செலவழித்துவிட்டால் கணக்கு உதைக்கும். பிள்ளைகளுக்கு வண்டிப் பயணமே பாதி விருந்து என்பது நமக்கு அடிக்கடி மறந்துபோகிறது. இப்போது சொன்ன ஸ்டேட்டன் தீவுப் படகு சுமார் 25 நிமிடம் துறைமுகத்தைக் கடக்கிறது, சுதந்திரதேவி சிலையைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுப் போகிறது. மறுகரையில் எல்லோரும் இறங்கிச் சுற்றிவந்து மறுபடி ஏற வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மெல்பர்னில் 2015 முதல் நகர மையத்துக்குள் டிராமில் காசில்லாமல் போகலாம். அந்த எல்லையைத் தாண்டினால் அட்டை தேவை. லக்சம்பர்கில் 2020 பிப்ரவரி 29 முதல் பஸ், டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாமே நாடு முழுவதும் இலவசம்.

உங்கள் நகரத்தில் இப்படி எதுவும் இல்லாவிட்டாலும், குடும்பத்துக்கான நாள் அட்டை உண்டா, எந்த வயது வரை பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம் என்று பாருங்கள். முதல் வாரத்தில் ஒரு பஸ் தடத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை போய்வருவதும் ஊரைப் படிக்கும் வழிதான். முன்சன்னல் இருக்கை கிடைத்தால் பிள்ளைகள் மணிக்கணக்கில் சத்தமில்லாமல் வருவார்கள்.

உள்ளே போன பிறகு

பெரியவர்கள் பெரும்பாலும் கெடுப்பது இந்த இடத்தில்தான். அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்று இழுத்துக்கொண்டு ஓடுவோம். காசு கொடுத்த இடத்தில் அந்த அவசரத்துக்கு நியாயம் உண்டு. காசு கொடுக்காத இடத்தில் அந்த அவசரமே தேவையில்லை. இருபது நிமிடத்தில் வெளியே வந்தாலும் எதையும் இழக்கவில்லை, அடுத்த வாரம் மறுபடி போகலாம். இலவச இடங்களின் உண்மையான வசதி, மிச்சமாகும் பணத்தைவிட இந்தச் சுதந்திரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை சிணுங்கத் தொடங்கியதும் கிளம்பிவிடலாம். “இன்னும் கொஞ்ச நேரம்” என்று அவர்களே கெஞ்சும்போது கிளம்பினால் இன்னும் நல்லது.

ஒரு தடவைக்கு ஒரு கூடம் போதும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் 2017 முதல் ஒரு நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது, நீளம் 25.2 மீட்டர். அதன் கீழே தலையிலிருந்து வால்வரை எத்தனை அடி வைக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். தம்பிக்கு ஓர் எண்ணிக்கை, அக்காவுக்கு வேறு எண்ணிக்கை, தாத்தாவுக்கு இன்னொன்று வரும். சண்டை முடிய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குமேல் அன்றைக்கு வேறெதுவும் தேவையில்லை.

நுழைந்ததும் விசாரணை மேசைக்குப் போய்க் குழந்தைகளுக்கான செயல்பாட்டுத் தாள் உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் வைத்திருப்பார்கள். கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் தரும் இடங்களும் நிறைய. அதே மேசையில் கழிப்பறை, தண்ணீர், கொண்டுவந்ததைச் சாப்பிட அனுமதியுள்ள இடம் ஆகிய மூன்றையும் கேட்டுவிடுங்கள். வரைகிற பிள்ளைக்குப் பென்சில் மட்டும் கொடுங்கள். காட்சிக்கூடங்களில் பேனாவையும் வண்ணத்தையும் பொதுவாக விடுவதில்லை.

கூட்டம் உள்ள இடமென்றால், தொலைந்துபோனால் எங்கே நிற்க வேண்டும் என்று நுழைந்தவுடனேயே ஓர் அடையாளத்தைக் காட்டுங்கள். நகராத ஒன்றாக இருக்கட்டும்: பெரிய சிலை, நுழைவாயில் கடிகாரம். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையின் மணிக்கட்டில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். புது ஊரில் வீட்டு முகவரி அவர்களுக்கு இன்னும் மனப்பாடம் ஆகியிருக்காது.

தோட்டங்களும் மற்ற வாசல்களும்

அருங்காட்சியகத்தைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். தினப்படி கைகொடுப்பது பூங்காதான். ஓடியாட மைதானம் வேண்டுமென்றால் நகரப் பூங்கா, நின்று பார்க்கப் பொருள் வேண்டுமென்றால் தாவரவியல் தோட்டம். பெரிய தோட்டங்கள் சிலவற்றில் குழந்தைகளுக்கென்று தனித் தோட்டமே ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கே மரத்தில் ஏறலாம், தண்ணீரில் நனையலாம். சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் குழந்தைகள் தோட்டத்தில் ஒரு வேடிக்கையான விதி: பெரியவர்கள் தனியாக நுழைய முடியாது, கூட ஒரு குழந்தை இருக்க வேண்டும். மெல்பர்ன் அரச தாவரவியல் தோட்டத்தின் குழந்தைகள் தோட்டத்தை ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில வாரம் மூடி, மிதிபட்ட செடிகளுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகாகோவின் லிங்கன் பார்க் விலங்குக்காட்சிச் சாலை 1868இல் தொடங்கியது, ஆண்டின் எல்லா நாளும் இலவசம். இப்படி ஒன்று உங்கள் ஊரில் இருந்தால் பாதி வார இறுதிகள் தீர்ந்தன.

அரசுக் கட்டடங்களைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. கான்பெராவின் நாடாளுமன்றத்தில் பொதுமக்கள் காசில்லாமல் நுழைந்து சுற்றிப் பார்க்கலாம்; பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்றம் நடத்தும் காட்சியகமும் இலவசம். பள்ளியில் குடிமையியல் படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்குப் பொருத்தம், சின்னவர்களுக்குச் சலிப்பு. வழிபாட்டுத் தலங்களில் உடை விதியையும் வழிபாட்டு நேரத்தையும் தெரிந்துகொண்டு போனால் போதும். துறைமுகச் சுவர், ரயில் மேம்பாலம், விமானம் இறங்குவது தெரியும் திடல் போன்ற பெயரில்லாத இடங்களை எந்தப் பட்டியலும் சொல்லாது. உங்கள் பிள்ளைக்கு எதில் பைத்தியம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் கதவுகளையும் இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள், 1977 முதல் கொண்டாடப்படுகிறது. அன்று பல நாடுகளில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். ஐரோப்பிய நகரங்களில் செப்டம்பரில் வரும் பாரம்பரிய நாட்களில், ஆண்டு முழுவதும் பூட்டிக்கிடக்கும் மாளிகைகளும் அலுவலகங்களும் திறக்கும். லண்டனில் 1992இல் தொடங்கிய ‘ஓப்பன் ஹவுஸ்’ விழாவைப் போல இன்று உலகின் பல நகரங்களில் கட்டடங்களைத் திறந்துகாட்டும் விழா நடக்கிறது. தீயணைப்பு நிலையம், குடிநீர் நிலையம், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஆகியவற்றுக்கும் பொதுமக்கள் நாள் இருக்கும். தீயணைப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்த பிள்ளையை இறக்குவதற்குப் போதுமான நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் குறிப்பேடு

ஒவ்வொரு இடத்துக்கும் போய்வந்த இரவே கைப்பேசியில் சில வரி எழுதிவையுங்கள். எந்த வாசலில் குழந்தை வண்டிக்குச் சாய்தளம் இருக்கிறது, கழிப்பறை எந்தத் தளத்தில், பிள்ளைகள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தார்கள், மழைக்கு ஒதுங்க முடியுமா, தாத்தா பாட்டி உட்கார இடம் உண்டா என்பவை போதும். அழகைப் பற்றி எழுத வேண்டாம், அதற்குப் படங்கள் இருக்கின்றன. பார்த்த தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஊரிலிருந்து விருந்தினர் வரும்போது, அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, இலவசம் இன்னும் இலவசமாகத்தான் இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.